முகத்தின் மேல் ஒரு தலையணை உறை

அந்த லாண்டரியில் அவரை எல்லாரும் முப்பது என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். ஐம்பத்தைந்து வயது ஆளை முப்பது என்று கூப்பிட்டால் புதிதாகக் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். "பாதி வயச இங்கதான் தொலைச்சேன், மிச்சம் முப்பதுதான்" என்று அவரும் சேர்ந்து சிரிப்பார்.

உண்மையில் அந்தப் பெயர் வந்தது ஒரு பொம்மையால்.

நோய் வருவதற்கு நாலு வருடம் முன்னால் நடந்தது. ஒரு நாள் மத்தியானம் மிஷின்களை நிறுத்தி, துணி மடிக்கிற கூடத்தில் எல்லாரையும் தரையில் உட்காரவைத்தார்கள். பயிற்சி கொடுக்க வந்தவர் பெட்டியைத் திறந்து இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாத ஒரு ரப்பர் பொம்மையை எடுத்து மேஜைமேல் படுக்கவைத்தார். பக்கத்தில் ஒருவர் திடீரென்று விழுந்து, பேச்சு மூச்சில்லாமல் போனால், ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் அவர் நெஞ்சை எப்படி அழுத்துவது என்று காட்டினார். "யாராச்சும் வந்து செஞ்சு பாருங்க" என்றார். ஒருத்தரும் அசையவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு கை முதுகில் ஓங்கித் தள்ளியது. முப்பது தடுமாறி மேஜை முன்னால் போய் நின்றார். தள்ளியது டிரைவர். ஆஸ்பத்திரியிலிருந்து அழுக்குத் துணி மூட்டைகளைக் கொண்டுவந்து, வெளுத்ததைத் திரும்பக் கொண்டுபோகிற வேன் டிரைவர்.

வேறு வழியில்லாமல் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து அழுத்தினார். முப்பது தடவை அழுத்த வேண்டும், சத்தமாக எண்ண வேண்டும். இருபது வருடமாக முப்பது முப்பதாகத் துணி எண்ணிக் கட்டுப் போட்டவருக்கு அதுவா கஷ்டம்? கொஞ்சமும் பிசகாமல் எண்ணினார். "இவரு எண்ணினா கடிகாரமே வேண்டாம்" என்றார் பயிற்சிக்காரர். அடுத்து வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். பொம்மையின் வாயை முப்பது முதலில் துடைத்தார், துடைத்த துண்டை நாலாக மடித்து ஓரமாக வைத்தார், அப்புறம் குனிந்தார்.

"யோவ், வீட்டுல சொல்லட்டுமா? காலில்லாத பொண்ணுக்கு முத்தம் குடுத்துட்டு வர்றான்னு!" என்று டிரைவர் கத்த, கூடமே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு.

கடைசியில் பயிற்சிக்காரர் கேட்டார்: "நெஜமாவே ஒருத்தர் விழுந்தா யாரெல்லாம் செய்வீங்க? கை தூக்குங்க." எல்லாரும் தூக்கினார்கள். டிரைவர் இரண்டு கையையும் தூக்கினார். பச்சை அட்டை ஒன்றை முப்பதின் சட்டையில் குத்தினார்கள். அன்றிலிருந்து அவர் பெயர் முப்பது, லாண்டரியின் முதலுதவி ஆளும் அவர்தான். நாலு வருடத்தில் அவர் செய்த முதலுதவி என்னவென்றால், சூடுபட்ட விரலுக்கு மருந்து தடவியது, அவ்வளவுதான்.

பிறகு நோய் வந்தது.

முதலில் வந்தது துணி. ஆஸ்பத்திரியிலிருந்து வழக்கமாகப் பத்து மூட்டை வரும். அது இருபது ஆனது, நாற்பது ஆனது. துணியைப் பார்த்தே ஊரின் நிலைமையைத் தெரிந்துகொள்ளலாம். பெட்ஷீட் குறைந்து, பிணத்தின் மேல் போர்த்துகிற வெள்ளைத் துணி கூடிய வாரம், மிஷின் பக்கத்தில் யாரும் பாட்டுப் போடவில்லை.

லாண்டரி ஆலைக்குள் அழுக்குப் பக்கம், வெள்ளைப் பக்கம் என்று இரண்டாகப் பிரித்தார்கள். முற்றத்தில் ஒரு மஞ்சள் கோடு போட்டார்கள். வேன் அந்தப் பக்கம், ஆலை இந்தப் பக்கம். டிரைவர் மூட்டைகளைக் கோட்டருகில் இழுத்துப் போட்டுவிட்டு வேனுக்குத் திரும்பிப் போக வேண்டும். அவர் போன பிறகுதான் கையுறை மாட்டிய ஆட்கள் வந்து எடுப்பார்கள். வெளுத்த துணியைத் தள்ளுவண்டியில் வைத்துக் கோடு வரைக்கும் தள்ளிவிட்டு இவர்கள் பின்வாங்க வேண்டும். அப்புறம் அவர் வந்து ஏற்றிக்கொள்வார். முன்பெல்லாம் டிரைவர் வந்தாலே ஆலைக்குள் ஒரு கலகலப்பு வரும், அவரோடு தேநீர் குடிக்கப் போட்டி போடுவார்கள். இப்போது வேன் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்தினார்கள். அவர் ஆஸ்பத்திரிக்குள் போய் வருகிறவர் அல்லவா.

டிரைவர் அதையும் வேடிக்கையாக்கினார். கோட்டுக்கு அந்தப் பக்கம் வேன் படியில் உட்கார்ந்துகொண்டு, "வாங்கய்யா, பூனை வந்திருக்கு, எலியெல்லாம் ஓடி ஒளிங்க!" என்று குரல் கொடுப்பார். பதிலுக்குப் பேசினது முப்பது ஒருவர்தான். அவர் அப்போது அழுக்குப் பக்கத்தில் இருந்தார். பாதி வெளியே, பாதி உள்ளே.

மகளுக்கு நிறைமாதம். மனைவி துணைக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். ஆஸ்பத்திரித் துணி தொடுகிற ஆள் அந்தப் பக்கமே வரக்கூடாது என்று முடிவாகிவிட்டது. முப்பது தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார். வலி வந்து மகளைச் சேர்த்த அன்று யாரையும் ஆஸ்பத்திரிக்குள் விடவில்லை. பின்வாசல் வழியாகத் துணி எடுக்கப் போன டிரைவர்தான் ஒரு நர்சைக் கெஞ்சி, கண்ணாடி ஜன்னல் வழியாகக் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்து, கோட்டுக்கு அப்பால் நின்று கூவினார்.

"தாத்தா ஆயிட்டய்யா! பொம்பளப் புள்ள! தலை நிறைய முடி. மூக்குதான் உன் மூக்கு, பாவம், பெரிசானா சரியாயிடும்!"

முப்பதுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. கோட்டைத் தாண்டி ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கப் பார்த்தார். "அங்கேயே நில்லு! பேத்திய தூக்கணும்ல?" என்று டிரைவர்தான் அதட்டி நிறுத்தினார்.

பேத்தியைத் தூக்கணும். அதற்கு மனைவி போனில் போட்ட நிபந்தனை இதுதான்: அழுக்குத் துணியை விட்டுப் பதினாலு நாள் தள்ளி இருக்க வேண்டும், இருமல் தும்மல் இருக்கக்கூடாது, அப்புறம் குளித்துவிட்டு வரலாம். சூப்பர்வைசரின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி முப்பது வெள்ளைப் பக்கத்துக்கு மாறினார். பெரிய பிரஸ் மிஷின் வேலை. மேல்பலகையை இழுத்து மூடினால் நாற்பது நொடி கழித்து டிங் என்று மணி அடிக்கும், திறந்து துணியை எடுக்கலாம். எதிர்மிஷினில் நிற்பவள் பொத்தான். அறுந்த பொத்தான் எதைப் பார்த்தாலும் தைக்காமல் விடமாட்டாள், அதனால் அந்தப் பெயர். அவள் கண்முன்னால், மேஜை உறையின் ஓரத்தில், துணிக்குக் குறி போடுகிற பேனாவால் நாளுக்கு ஒரு கோடு போட்டார்.

"என்னண்ணே, ஜெயில்ல இருக்கற மாதிரி கோடு போடறீங்க?"

"ஜெயில்தான். பதினாலு நாள் முடிஞ்சா விடுதலை. ஒரு அடி நீளத்துல ஒரு ஜட்ஜு காத்துட்டிருக்கா."

தினமும் போனில் அந்த ஜட்ஜைப் பார்ப்பார். கொட்டாவி விட்டால் முகமே வாயாகிவிடும். ஐந்து விரலையும் விரித்து மூடினால், அடடா, அதைப் பார்க்க இரண்டு கண் போதாது. பச்சைப் பிள்ளைக்குச் சளி பிடித்தாலே உயிர் போகுமாம் என்று எங்கேயோ கேட்டுவிட்டு வந்து, தண்ணீரைக்கூடச் சுடவைத்துதான் குடித்தார்.

ஐந்தாவது கோடு போட்ட அன்று சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். முதலுதவி பழகினவர்கள் இந்த நேரத்தில் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுதுகிறார்களாம். இரண்டு தாள் கொடுத்தார். ஒன்று, நோய்க்கு முன்னால். இன்னொன்று, இப்போது. இரண்டிலும் மூன்று வரி: சொந்தக்காரர், கூட வேலை செய்பவர், தெரியாதவர். விழுந்தால் நெஞ்சை அழுத்துவீர்களா? செய்வேன், செய்யமாட்டேன், தெரியவில்லை. எதிலாவது ஒன்றில் டிக் போட வேண்டும்.

முதல் தாளில் எல்லாவற்றுக்கும் செய்வேன் என்று சரசரவென்று போட்டார். இரண்டாவது தாளில் சொந்தக்காரருக்கு, செய்வேன். தெரியாதவருக்கு, கொஞ்சம் கூச்சப்பட்டு, செய்யமாட்டேன். நடுவரியில் பேனா நின்றது. கூட வேலை செய்பவர்.

வெளியே வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. முப்பது 'தெரியவில்லை'யில் டிக் போட்டுத் தாளை மடித்துக் கொடுத்தார்.

வெள்ளைத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்குப் போனபோது டிரைவருக்கு விஷயம் எட்டியிருந்தது.

"என்னமோ பரீட்சை எழுதினியாமே. என்னை எதுல போட்ட?"

"அது ரகசியம்னு அந்தம்மா சொல்லிருக்கு."

டிரைவர் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார். "அடப்பாவி, அப்ப நான் செத்தேன்!"

முப்பதும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வண்டியைக் கோடு வரைக்கும் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார்.

அந்தம்மா போகும்போது ஒரு அறிவிப்புத் தாளையும் கொடுத்துவிட்டுப் போனார். நோய்க்காலத்தில் வாயில் ஊத வேண்டாம். விழுந்தவரின் வாயையும் மூக்கையும் ஒரு துணியால் மூடிவிட்டு நெஞ்சை மட்டும் அழுத்தினால் போதும். முப்பது அதை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்து, முதலுதவிப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவைத்தார். பெட்டியைத் திறக்கிறவர் அவர் ஒருவர்தான். ஆகவே அதைப் படித்தவரும் அவர் ஒருவர்தான்.

பதின்மூன்றாவது கோடு.

காலையிலிருந்தே வெயில் முற்றத்தில் கண்ணைக் கூசவைத்தது. பதினோரு மணி தாண்டியதும் வேன் வந்தது. டிரைவர் ஆறு மூட்டைகளை இழுத்துப் போட்டார். தலையணை உறைகள் அடுக்கிய வண்டியை முப்பது கோட்டுக்கு ஒரு முழம் இப்பால் நிறுத்தினார். டிரைவர் வேன் படியில் உட்கார்ந்து, மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். இடது தோளைக் கையால் தேய்த்துக்கொண்டார்.

"நாளைக்கா விடுதலை?"

"நாளான்னைக்கு காலைல. பச்சைச் சட்டை தேய்ச்சு மாட்டியாச்சு."

"ஜட்ஜம்மா கிட்ட சொல்லு, மொதல்ல பார்த்தது நான்தான்னு. அப்புறம் மூக்கப் பத்தி நான் சொன்னத..."

வாக்கியம் முடியவில்லை. படியிலிருந்து பக்கவாட்டில் சரிந்து, ஒரு மூட்டை மாதிரி விழுந்தார். பாட்டில் உருண்டு வந்து கோட்டருகே நின்றது. தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. மஞ்சள் கோட்டைத் தாண்டி முப்பதின் செருப்பு வரைக்கும் வந்தது.

"டிரைவரே!" என்றார் முப்பது. "யோவ்! விளையாடாத!"

பதில் இல்லை. செய்ய வேண்டியது என்ன என்று அவருக்குத் தெரியும். ஆலை முழுக்க அது தெரிந்த ஒரே ஆள் அவர்தான். பச்சை அட்டை அவர் சட்டையில்தான் குத்தியிருந்தது. கால் மட்டும் நகரவில்லை. ஒரு எட்டு எடுத்து வைத்தால் பதின்மூன்று நாளும் போச்சு. ஆஸ்பத்திரிக்குள் போய் வருகிற ஆள், மாஸ்க் இல்லாத வாய், நோயாகத்தான் இருக்கும். நோய் தன் கையில் ஒட்டும், கையிலிருந்து அந்தக் குட்டி முகத்துக்கு.

பின்னால் கதவருகே ஆட்கள் கூடிவிட்டார்கள். "அதுதான், அந்த நோயேதான்! கிட்டப் போகாதீங்கண்ணே!" என்று யாரோ கத்தினார்கள்.

உள்ளே பிரஸ் மிஷின் டிங் என்றது. பொத்தான் திறக்காமல் விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். முப்பது நின்றார். டிரைவரின் வாய் மீனைப் போல ஒரு தடவை திறந்து மூடியது. பக்கத்து மிஷினின் மணி இன்னொரு டிங். முப்பது இன்னும் நின்றார்.

அப்புறம் கோட்டைத் தாண்டினார். எது தாண்டவைத்தது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. முதுகில் ஒரு கை தள்ளின மாதிரி இருந்தது என்பார். நாலு வருடம் முன்னால் தள்ளிய அதே கை.

"வாட்ச்மேன்! ஆம்புலன்சுக்குப் போன் போடு!" என்று கத்திக்கொண்டே தள்ளுவண்டியின் மேலிருந்து ஒரு தலையணை உறையை உருவினார். தாளில் சொன்னபடியே செய்தார். துணியால் மூடச் சொல்லியிருந்தது, மூடினார். காற்றில் அது தூக்கியது. இருபத்துநாலு வருடத்துப் பழக்கம், கை தானாக வேலை செய்தது. உறையின் இரண்டு ஓரத்தையும் தலைக்கு அடியில் செருகி, சுருக்கம் இல்லாமல் நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் ஒரு தடவு தடவினார். வெள்ளை வெளேரென்று, மடிப்புக் கலையாமல், சுத்தமான வேலை.

பிறகு நெஞ்சில் கை வைத்து அழுத்த ஆரம்பித்தார். ஒன்று, ரெண்டு, மூணு.

கதவருகே நின்றவர்கள் பார்த்தது அந்த வெள்ளையைத்தான். "ஐயோ, மூடிட்டாரே! முகத்த மூடிட்டாரே!" என்று பொத்தான் வாயில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் அழுததைப் பார்த்து மற்றவர்களும் அழுதார்கள். சூப்பர்வைசர் உள்ளே போய், மரியாதைக்கு, மிஷின்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார்.

நாற்பது அடி தள்ளி, கேட்டருகே வாட்ச்மேன் போனைக் காதில் வைத்திருந்தார். எதிர்முனையில் ஒரு பெண்குரல், ஆள் எப்படி இருக்கிறார், மூச்சு இருக்கிறதா என்று கேட்டது. வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். தலை குனிந்து, தொப்பியைக் கழற்றினார்.

"முடிஞ்சுதும்மா. முகத்த மூடிட்டாங்க."

முப்பதுக்கு இதெல்லாம் தெரியாது. மிஷின் சத்தம் நின்றபோது, ஆம்புலன்ஸ் சத்தம் கேட்பதற்காக நிறுத்துகிறார்கள் போலிருக்கிறது, நல்ல புத்தி என்றுகூட நினைத்தார். அமைதியான முற்றத்தில் அவர் எண்ணுகிற குரல் மட்டும் கேட்டது. இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. மறுபடி ஒன்று.

"விடுங்கண்ணே" என்றார் சூப்பர்வைசர், கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று. "போனவர ஏன்ணே இப்படி இடிக்கறீங்க. பாவம்ணே."

"போகல!" எண்ணுக்கு நடுவில் மூச்சு வாங்கினார் முப்பது. "பதினாலு... யாராச்சும் வாங்க... பதினஞ்சு... கை மாத்துங்க... ஒரு ஆள்..."

யாரும் வரவில்லை. பயம் ஒன்று. செத்தவரைத் தொட்டு என்ன ஆகப்போகிறது என்கிற நினைப்பு ஒன்று. முப்பதுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, சிநேகிதன் போன துக்கம் என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

எத்தனையாவது முப்பது என்று தெரியாது. உறையில், மூக்கு இருக்கிற இடத்தில், துணி உள்ளே போனது. ஒரு சின்னக் குழி. ஒரு கணம் இருந்தது. பிறகு துணி மறுபடி சமமானது.

"மூச்சு! மூச்சு வருது! பாருங்க!"

பொத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இன்னொரு தடவை அந்தக் குழி விழும் என்று துணியையே பார்த்துக்கொண்டு அழுத்தினார். வியர்வை சொட்டிச் சொட்டி வெள்ளையில் திட்டுத்திட்டாக விழுந்தது. கை மரத்துப்போய், அழுத்துவது போய்ச் சாய்வதாக ஆனபோது கேட் திறந்தது. வண்டி வந்தது. சைரன் இல்லாமல் வந்தது. வெள்ளைப் பாதுகாப்பு உடை மாட்டிய இரண்டு பேர் நீளமான ஒரு பையை எடுத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் நடந்து வந்தார்கள்.

"எத்தன மணிக்குப் போச்சு?" என்றார் ஒருவர், கையில் தாளை வைத்துக்கொண்டு.

"போகல சார். கொஞ்சம் முந்திதான் மூச்சு விட்டாரு. பாருங்க சார்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் மண்டியிட்டு, உறையை விலக்கி, கழுத்தில் விரல் வைத்தார். ரொம்ப நேரம் வைத்தார். மார்பில் காது வைத்தார்.

"இப்ப இல்லப்பா" என்றார்.

இப்ப. அந்த ஒரு சொல்லை முப்பது இன்றைக்கும் விடவில்லை.

ஆம்புலன்ஸ் ஏன் வரவில்லை என்று தெரிந்தபோது வாட்ச்மேன் தலையிலடித்துக்கொண்டு அழுதார். "நீங்கதானேண்ணே மூடினீங்க! மூடினா எனக்கு எப்படித் தெரியும்? மாஸ்க்கு கழுத்துலயேதானே கிடந்துச்சு, அத மேல இழுத்து விட்டிருக்கக் கூடாதா?"

 மாஸ்க் டிரைவரின் தாடைக்குக் கீழேதான் கிடந்தது. நீலநிற மாஸ்க். ஒரு விரலால் இழுத்துவிடுகிற தூரம். முப்பது அதைப் பார்க்கவே இல்லை. இத்தனை வருடம் லாண்டரியில் இருந்தவருக்குத் துணி என்றால் அடுக்கில் இருக்கிற வெள்ளைத் துணிதான் ஞாபகம் வந்தது.

அவரை வீட்டில் பதினாலு நாள் அடைத்தார்கள். நாலாம் நாள் தகவல் வந்தது. டிரைவருக்கு நோயே இல்லை. இதயம்தான். இருந்தாலும் பதினாலு நாளும் முடிந்த பிறகுதான் வெளியே வரலாம் என்றார்கள்.

அதைக் கேட்டு மனைவி போனில் கும்பிட்டாள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, நீ தப்பிச்ச" என்றாள். மகள் அழுதாள். "ஆலை பூரா நின்னு வேடிக்கை பார்த்துச்சு, நீ ஒருத்தன்தானேப்பா போன" என்றாள். போன் செய்த எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். துணியைப் பற்றிச் சிலர் பேசினார்கள், பரவாயில்லை, தெரியாமல் நடந்தது என்றார்கள். மிஷின் மணி இரண்டு தடவை அடித்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்க யாருக்கும் தெரியாது. அவர் ஓடிப்போய் அழுத்தினதைத்தான் பார்த்தார்கள், ஓடுவதற்கு முன் நின்றதை யாரும் எண்ணவில்லை. எண்ணினவர் அவர் ஒருவர்தான். எண்ணுவதுதானே அவர் வேலை.

ஒன்பதாவது நாள் டிரைவரின் மனைவி கூப்பிட்டாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். வாட்ச்மேன் பதினொண்ணேகாலுக்கு முடிஞ்சுதுன்னு சொல்றாரு. காகிதத்துல பன்னெண்டுன்னு போட்டிருக்கு. நடுவுல இருக்கற நேரத்துல அவரு எங்க இருந்தாரு?"

முப்பது சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இருந்தாரும்மா. என் கைக்குக் கீழதான் இருந்தாரு. ஒரு தடவ மூச்சு இழுத்தாரு. துணி உள்ள போச்சு. நான் பார்த்தேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"அம்மா, இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார். "விழுந்த உடனே நான் போகல. நின்னேன். உள்ள மிஷின் மணி ரெண்டு தடவ அடிக்கற வரைக்கும் நின்னேன். பேத்திய நெனச்சு நின்னேன். இத நான் வீட்டுலகூட சொல்லல."

 போன் கட்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். இல்லை, ஓடிக்கொண்டிருந்தது.

"அவரு ஒரு நாள் வந்து சொன்னாரு" என்றாள் அவள். "ஏதோ தாள் எழுதினாங்களாம், முப்பது என்னை எதுல போட்டான்னு சொல்லவே மாட்டேங்கறான்னு. சாப்பிடும்போதுகூட அதையே சொல்லிச் சிரிச்சாரு. எதுலண்ணே போட்டீங்க?"

"தெரியலன்னு போட்டேம்மா."

அவள் திட்டவில்லை. அழவும் இல்லை. "செய்வேன்னுதான் போட்டிருப்பான், வெக்கப்பட்டுச் சொல்லலன்னு நெனச்சிட்டிருந்தாரு" என்றாள். பிறகு, "சரிண்ணே. வச்சிடறேன்" என்றாள்.

வேலைக்குத் திரும்பின அன்று முப்பது தன் பச்சை அட்டையைக் கழற்றி சூப்பர்வைசரிடம் நீட்டினார். அவர் வாங்க மறுத்துவிட்டார். வாங்கி யாரிடம் கொடுப்பது? ஆகவே முப்பது போய் முதலுதவிப் பெட்டியைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த தாளைக் கிழியாமல் உரித்து, வெளிக்கதவில், எல்லாரும் கை கழுவுகிற இடத்துக்கு நேரே ஒட்டினார். சிவப்புக் கட்டம் போட்ட ஒரு கைக்குட்டையைப் பெட்டியில் வைத்தார். பொத்தான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் கேட்காமல் ஊசியை எடுத்து, கைக்குட்டையின் நாலு மூலையிலும் காதில் மாட்டுகிற மாதிரி நாடா தைத்துக் கொடுத்தாள். "கண்ணு தெரியணும்ல" என்றாள்.

மறுநாள் மகள் வீட்டுக்குப் போனார். பச்சைச் சட்டைதான். பதினைந்து நாளாகக் கொடியில் மாட்டியே கிடந்து மடிப்பெல்லாம் போயிருந்தது. அதை மறுபடி தேய்க்கத் தோன்றவில்லை. மனைவி வாசலிலேயே கையில் தண்ணீர் ஊற்றி, முழங்கை வரைக்கும் சோப்புப் போடவைத்தாள்.

"மெதுவா வா, தூங்கறா" என்றாள்.

ஜன்னல் ஓரமாகத் தொட்டில். போனில் பார்த்ததைவிடச் சின்னவள். தலை நிறைய முடி, டிரைவர் சொன்னது பொய்யில்லை. மூக்கு தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சம் படாமல் இருக்க மகள் ஒரு மெல்லிய வெள்ளைத் துணியைக் குழந்தையின் முகத்தில் போட்டிருந்தாள்.

 முப்பது ஒரே எட்டில் போய் அந்தத் துணியை உருவி எடுத்தார்.

"அப்பா! வெளிச்சம் கூசும்ப்பா, முழிச்சுக்குவா!"

"துணி வேண்டாம்" என்றார். குரல் அவருடையது மாதிரி இல்லை. "துணி வேண்டாம்மா. நான் நிக்கறேன்."

ஜன்னலுக்கும் தொட்டிலுக்கும் நடுவில் போய் நின்றார். உள்ளங்கையை விரித்து வெயிலை மறைத்தார். குழந்தையின் முகத்தில் கையின் நிழல் விழுந்தது. சுளித்த புருவம் சமமானது. மூக்கு அவர் மூக்குதான், பாவம். சின்ன நெஞ்சு ஏறி இறங்கியது.

"உக்காருப்பா. தூக்கறியா?" என்றாள் மகள்.

"தூங்கட்டும்."

கை வலித்தது. அவர் எண்ணிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மூச்சாக, உதடு அசையாமல். முப்பது வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து.